சோயா எண்ணெய் ஊற்றிய டிரான்ஸ்ஃபார்மர்: ரெண்டு வருஷம் ஓட்டிப் பார்த்ததில்

மார்த்தாண்டம் பக்கம் ஒரு அண்டி ஆபீஸில், அதாவது முந்திரிப்பருப்பு ஆலையில், கரண்ட் வேலை முழுக்க என் தலையில்தான். எங்கள் 250 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மர் நிற்கிற இடம் கொஞ்சம் வில்லங்கமானது, வேலிக்கு அந்தப் பக்கம் அண்டித்தோடு மலைபோலக் குவிந்து கிடக்கும், அதில் ஒரு பொறி விழுந்தால் என்ன ஆகும் என்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. டிரான்ஸ்ஃபார்மருக்குள் சூட்டை இறக்கவும் கரண்ட் தாவாமல் தடுக்கவும் எண்ணெய் நிரப்பியிருக்கும். அதனால் பழையதில் வைண்டிங் (உள்ளே இருக்கிற கம்பிச் சுற்று) போனதும், புதுசாக வாங்குவது தாவர எண்ணெய் போட்டதாக இருக்கட்டும் என்று முதலாளியிடம் அடம்பிடித்தேன். வழக்கமாக ஊற்றுகிற, பெட்ரோலியத்திலிருந்து எடுக்கிற மினரல் ஆயில் 170 டிகிரி வாக்கில் பற்றி நின்று எரியும். இது 350 தாண்டணும். விலை நல்லாவே கூடத்தான், அதற்கு முதலாளி முகம் போன போக்கு வேறு கதை.

பேரல் திறந்ததும் மண்ணெண்ணெய் வாடை இல்லை, வெளிறிய பச்சையாக, கெட்டியாக இருந்தது. தோடு உடைக்கிற ஒரு அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "இதுல பப்படம் பொரிக்கலாமா மக்களே?" என்றார். அப்படியென்றால் தேங்காய் எண்ணெயே ஊற்றலாமே என்று எல்லாரும் கேட்கிறார்கள். மார்கழிக் காலையில் வீட்டுப் பாட்டிலில் அது உறைந்து நிற்பதைப் பார்த்தவர்கள் கேட்கிற கேள்வியா இது? சோயா எண்ணெய் பூஜ்யத்துக்குக் கீழே போனாலும் ஓடும்.

ஆனால் ஊற்ற வந்த ஆட்கள்தான் பி.பி.யை ஏற்றினார்கள். யாரென்று சொல்லவில்லை. மினரல் ஆயில் ஓட்டிய ஃபில்டர் மெஷினைக் கழுவாமலே கொண்டுவந்து ஹோஸை மாட்டப் போனார்கள், மினரல் ஆயில் கலக்கக் கலக்க அந்த 350 கீழே இறங்கிக்கொண்டே வரும் என்று சொல்லி, ஒரு பேரல் எண்ணெயை விட்டு அலசிய பிறகுதான் தொட விட்டேன். இன்னொரு பேரல் ராத்திரி முழுக்க மூடியில்லாமல் சாரலில் நின்றது. அந்த எண்ணெயை டெஸ்ட் கிட்டில் விட்டுப் பார்த்தால், 2.5 மில்லிமீட்டர் இடைவெளியில் 60 கிலோவோல்ட் தாண்டியும் பொறி பாயாமல் தாங்கியது, அது ஆச்சரியமில்லை, மினரல் ஆயில் 55 பிபிஎம் (பத்து லட்சத்தில் 55 பங்கு) வாக்கிலேயே தண்ணீரைக் கக்கிவிடும், இது சுமார் 1000 வரை உள்ளே வைத்துக்கொள்ளும். கம்பிமேல் சுற்றியிருக்கிற பேப்பர் இன்சுலேஷனில் இருக்கிற ஈரத்தையும் இதுவே இழுத்துக்கொள்வதால் பேப்பருக்கு ஆயுள் கூடுதல். இருந்தாலும் அந்தப் பேரலைத் திருப்பி அனுப்பினேன்.

ரெண்டு வருஷமாக ஓட்டம் சுத்தம். எண்ணெய் கெட்டி என்பதால் மெதுவாகத்தான் சுற்றி வரும், ஆயில் சூடு பழையதைவிடக் கொஞ்சம் கூட, அதற்கேற்ப சூட்டை வெளியே விடுகிற ஃபின் தகடுகளைப் பெரிசாக வைத்திருக்கிறார்கள். முழுக்க சீல் வைத்த டேங்க், பிரீதர் (உள்ளே போகிற காற்றின் ஈரத்தைச் சிலிக்கா ஜெல் மணிகளால் உறிஞ்சுகிற குப்பி) கிடையாது, அதனால் மழைக்காலத்தில் அந்த ஜெல் நீலம் போய் ரோஸ் ஆகிவிட்டதா என்று குடை பிடித்துப்போய்ப் பார்க்கிற வேலை மிச்சம்.

குறை ஒன்று உண்டு. அடி வால்வில் லேசாகக் கசிந்தது, மினரல் ஆயில் என்றால் துணியால் துடைத்துவிடலாம், இது காற்றுப் பட்டு பழைய பலகாரச் சட்டி ஓரத்தில் பிடித்த பிசின் மாதிரி மஞ்சளாக ஒட்டி, நகத்தால் சுரண்டினாலும் வரவில்லை. கேஸ்கெட் மாற்றினோம், அப்புறம் கசிவில்லை.

அந்தப் பிசினைப் பார்த்த பிறகுதான் முதலாளி கேட்டதற்கு முடியாது என்றேன். அவருக்குக் குளச்சலில் ஒரு ஐஸ் பிளாண்ட் உண்டு, அங்கே மேலே கன்சர்வேட்டரும் (எண்ணெய் சூட்டில் பெருகினால் ஏறி நிற்கிற சின்ன டேங்க்) பிரீதரும் வைத்த பழைய டிரான்ஸ்ஃபார்மர், அதிலும் இதையே ஊற்றிவிடலாமா என்கிறார். மூச்சு விடுகிற டேங்கில் இந்த எண்ணெய் காற்றைக் குடித்தே கெட்டியாகிவிடும். அங்கே மினரல் ஆயிலே கிடக்கட்டும்.