ஏற்காட்டில் மறுநடவு: எஸ்.795, காவேரி, சந்திரகிரி

சேர்வராயன் மலையில் பழைய காபிச் செடிகளைப் பிடுங்கிவிட்டு மறுநடவு செய்கிறவர்கள் முதலில் கேட்பது, எந்த ரகத்துக்கு இலைத்துரு வராது என்பதுதான். நியாயமான கேள்வி. இலங்கையில் காபியையே அழித்து, தோட்டங்களைத் தேயிலைக்கு மாற்றிய நோய் அது.

எஸ்.795 ரகம், 1940களில் கர்நாடகத்தின் பாலேஹொன்னூர் காபி ஆராய்ச்சி நிலையம் தந்தது. அதன் பெற்றோரில் ஒன்றான எஸ்.288 வழியாக லிபெரிகா என்ற காபி இனத்தின் எஸ்எச்3 என்ற எதிர்ப்பு மரபணு இதற்கு வந்தது. துருப் பூஞ்சை விடும் ஒரு குறிப்பிட்ட புரதத்தை இலை அடையாளம் கண்டுகொண்டு, அந்த இடத்துச் செல்களைக் காவு கொடுத்துப் பூஞ்சையை அங்கேயே நிறுத்திவிடும். பூஞ்சை அந்தப் புரதத்தை மாற்றிக்கொண்டால் இலைக்கு எதிரி யாரென்றே தெரியாது. எஸ்.795க்கு நடந்தது இதுதான். புதிய துரு வகைகள் வந்தன, இன்று இதற்கும் துரு பிடிக்கிறது. ஆனாலும் கோப்பையில் இதன் சுவைக்கு இன்னும் தனி மதிப்பு உண்டு.

காவேரியும் 2007இல் வெளிவந்த சந்திரகிரியும் உறவுக்காரர்கள். இரண்டுக்கும் எதிர்ப்பு வந்தது, திமோர் தீவில் அரபிகா, ரொபஸ்டா என்ற இரண்டு காபி இனங்களும் தாமாகவே கலந்து உருவான ஒரே செடியின் வழியிலிருந்து. அதில் பல எதிர்ப்பு மரபணுக்கள் சேர்ந்திருப்பதால் பூஞ்சைக்கு வேலை கடினம். அப்படியும் காவேரியின் எதிர்ப்பு பல இடங்களில் உடைந்துவிட்டது. போதாததற்குக் காவேரி இளம் வயதிலேயே அளவுக்கு மீறிக் காய்க்கும். உரம் குறைந்தாலோ கோடை நீண்டாலோ கிளை நுனியிலிருந்து காயத் தொடங்கும். காய்ச் சுமையில் களைத்த செடியைத் துருவும் எளிதாகப் பிடித்துக்கொள்ளும். மரபணு அப்படியே இருந்தாலும் செடிக்குத் தெம்பு இல்லையே!

அப்புறம், தண்டுக்குள் குடைந்து தின்னும் வண்டான தண்டுத் துளைப்பான். இந்த மூன்றில் எதுவும் அதற்குத் தப்பாது. வெயில் படும் தண்டைத்தான் அது தேடி வரும். நிழலுக்கு வளர்க்கும் சில்வர் ஓக் மரத்தின் கிளைகளைத் தாறுமாறாக வெட்டும் தோட்டத்தில் எந்த ரகம் வைத்தாலும் நஷ்டம்தான்.

என்னைக் கேட்டால், பனி தங்கும் ஈரமான பள்ளங்களில் சந்திரகிரி, நல்ல நிழலுள்ள உலர்ந்த சரிவுகளில் எஸ்.795. காவேரியை இனிப் புதிதாக நட வேண்டாம். சந்திரகிரி வைத்தவர்களும் தென்மேற்குப் பருவமழைக்கு முன் அரை சதவீத போர்டோ கலவை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூஞ்சைக்கொல்லி) தெளிப்பதை நிறுத்தக் கூடாது. இலையின் அடிப்பக்கம் நனையும்படி அடிக்க வேண்டும், துரு நுழைவது அந்தப் பக்கமாகத்தான்.