பிளாக் இனிஷியேட்டிவ்: வேகம் சரி, ஸ்டன் கணக்குதான் தலைவலி

எழுத்துவழியில், அதாவது இணையத்தில் பதிவிட்டு, டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு) ஐந்தாம் பதிப்பு ஆட்டம் தொடங்கப்போகும் நண்பர் கேட்டார்: “சண்டைக்குத் தனித்தனி இனிஷியேட்டிவா, பிளாக்கா?” இனிஷியேட்டிவ் என்பது சண்டையில் யார் முதலில் என்ற வரிசை; பிளாக்கில் ஒரு தரப்பார் தங்களுக்குள் எந்த வரிசையிலும் பதிவிடலாம். அதை நெடுநாள் பயன்படுத்தியதில் தெரிந்தவை இவை. விதிகள் 2014 பதிப்பின்படி.

முதலில் பிளாக் பக்கமுள்ள நியாயம். நான்கு ஆட்டக்காரர்கள், மூன்று வகை எதிரிகள், ஒருவரின் முறைக்கு (டர்ன்) 24 மணி நேரக் கெடு என்று வையுங்கள். இரு தரப்பும் கலந்து வரிசை விழுந்தால் எல்லோருக்கும் ஒரு முறை வரும் ஒரு ரவுண்டு ஏழு நாள் வரை இழுக்கும். நான்கு ரவுண்டுக்கு 28 நாள். கதைக்குள் ஓடியதோ 24 விநாடி. பிளாக்கில் ஆட்டக்காரர்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரு நாள், எதிரிகளை ஆட்டுவிக்கும் டிஎம்முக்கு (ஆட்ட நடத்துநர்) ஒரு நாள். அதே சண்டை எட்டு நாளில் முடியும்.

இனிஷியேட்டிவை டிஎம்மே தொடக்கப் பதிவில் எல்லோருக்கும் சேர்த்து உருட்டிவிட வேண்டும். ஆளாளுக்கு உருட்டச் சொன்னால் அதற்கே இரண்டு நாள் போய்விடும். எதிரிகளுக்கு உருட்டவே தேவையில்லை: 10 உடன் டெக்ஸ் (சுறுசுறுப்பு) மாடிஃபையரைக் கூட்டினால் போதும், கோப்ளின் என்ற குட்டி எதிரிக்கு 12. அதைத் தாண்டியவர்கள் முதலில், பிறகு எதிரிகள், அதன்பின் ஆட்டக்காரர்கள் எல்லோரும் தங்களுக்குள் எந்த வரிசையிலும். டிஎம் கையேட்டில் இருக்கும் சைட் இனிஷியேட்டிவைப் பரிந்துரைக்க மாட்டேன். தரப்புக்கு ஒரு டி20 (இருபது முகப் பகடை), மாடிஃபையர் கிடையாது. அந்த ஒரு பகடை தோற்றால், யாரும் அசைவதற்குள் எதிரிகள் அத்தனை பேரும் விசார்ட் (மந்திரவாதி) மேல் பாய்ந்துவிடுவார்கள். டெக்ஸை ஏற்றி வைத்திருக்கும் ரோகுக்கும் (திருடன் வகுப்பு) அதனால் பயனில்லை.

ஒரே நேரத்தில் இருவர் ஒரே கோப்ளினை அடிப்பது அடிக்கடி நடக்கும். 7 ஹெச்பிதான் (உயிர்ப்புள்ளி), முதல் அடியிலேயே விழுந்துவிடும். அதனால் ஒவ்வொரு பதிவிலும் “இது விழுந்திருந்தால் பக்கத்தில் இருப்பது” என்று மாற்று இலக்கு இருக்கட்டும். ரியாக்‌ஷனையும் (பிறர் முறையில் செய்யும் பதில்வினை) முன்கூட்டியே எழுதி வாங்குங்கள்: “ஏசியைவிட 4 வரை அதிகமாக உருட்டி அடித்தால், இரண்டு ஸ்லாட் மீதி இருக்கும்வரை ஷீல்ட்.” (ஏசி: அடி பட எட்டவேண்டிய எண்; ஸ்லாட்: மந்திரம் போடும் வாய்ப்பு; ஷீல்ட்: ஏசியை ஏற்றும் தற்காப்பு மந்திரம்.) இல்லாவிட்டால் எதிரியின் ஒவ்வொரு அடிக்கும் பதில் கேட்டுக் காத்திருக்க வேண்டும். கெடு தாண்டியவருக்கு டாட்ஜ் (தற்காப்பு மட்டும்). அவருடைய ஸ்பெல் ஸ்லாட்டில் கை வைக்காதீர்கள்.

இத்தனையும் நன்றாகவே ஓடும், குழுவில் மங்க் (துறவி-வீரர் வகுப்பு) இல்லாதவரை.

மங்கின் ஸ்டன்னிங் ஸ்ட்ரைக் எதிரியைத் திகைக்கவைத்து (ஸ்டன்) செயலிழக்கச் செய்யும் அடி; அதன் பலன் “உன் அடுத்த முறையின் முடிவு வரை”. ஷீல்டும் டாட்ஜும் அடுத்த முறையின் தொடக்கத்தில் முடிபவை. இடையில் எதிரிக்கு ஒரே முறைதான், சிக்கல் இல்லை. ஸ்டன் அப்படியல்ல. நிலையான வரிசையில் மங்கின் இரு முறைகளுக்கு நடுவே மற்ற மூவருக்கும் தலா ஒரு முறை வரும். ஸ்டன் ஆன எதிரியை அடிக்க அட்வான்டேஜ் (இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுப்பது) உண்டு; அதனுடன் மொத்தம் மூன்று முறை. பிளாக்கில் மங்க் ஒரு ரவுண்டில் முதலாவதாகவும் அடுத்ததில் கடைசியாகவும் பதிவிட்டால் அது ஆறாகிவிடும். கடைசியில் ஸ்டன் செய்து அடுத்த ரவுண்டில் முதலாவதாக வந்தால் பூஜ்யம். ஒரே திறன், ஒரே செலவு. யார் எப்போது கைபேசியைத் திறந்தார்கள் என்பதை வைத்துப் பலன் மாறுகிறது. இது எனக்குக் கொஞ்சமும் ஏற்புடையதல்ல.

இதைவிட மோசமானது அடுத்து நடப்பது. கணக்கு புரிந்ததும் மற்றவர்கள் மங்கின் பதிவுக்காகக் காத்திருப்பார்கள். அடுத்த ரவுண்டில் மங்க் மற்றவர்களுக்காகக் காத்திருப்பார். எந்த வேகத்துக்காகப் பிளாக்குக்கு வந்தோமோ அதுவே போய்விடும்.

தீர்வு ஒன்று உண்டு. ஸ்டன் விழுந்தபின் ஒவ்வொரு தோழருக்கும் ஒரு முறை மட்டுமே அட்வான்டேஜ் என்று வைத்து, நிலவரப் பட்டியலின் அடியில் “ஸ்டன்: இன்னும் யார் யார்” என்று ஒரு வரி எழுதி, பதிவிட்டவர் பெயரை அடித்துக்கொண்டே வரலாம். கணக்கு மூன்றிலேயே நிற்கும், காத்திருப்பதில் லாபமும் இல்லை. ஆனால் வரிசையைக் கவனிக்கும் பாட் (தானியங்கி நிரல்) இதைச் செய்யாது. அது தன் வரிசைப்படி எஃபெக்டை முடித்துவிடும், கையால்தான் எழுதியாக வேண்டும். ஃப்ளரியுடன் (மங்கின் கூடுதல் அடிகள்) இரண்டு எதிரிகளை ஸ்டன் செய்தால் மூன்று பெயர் ஆறாகும். கெடு தாண்டி டாட்ஜ் போடப்பட்டவருடைய பங்கு கழிந்ததா, மீதி உள்ளதா? கழிந்தது என்பதுதான் நியாயம். அதைச் சொன்னால் அன்றைக்கு ஒரு தகராறு உறுதி.

வேகத்தை மட்டும் பார்த்தால் பிளாக்குக்கு ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். மங்க் இருக்கும் குழுவில் என் அடுத்த சண்டை தனித்தனி வரிசையில்தான். மாதம் ஆனால் ஆகட்டும்.