மருந்து கம்பெனியில் டேட்டா சயின்ஸ் அப்ரண்டிஸ்: ஒரு வருடம் இருந்து பார்த்துச் சொல்கிறேன்

போன மாதம்தான் முடித்தேன். திருப்போரூர் பக்கம் ஆலத்தூர் மருந்துத் தொழிற்பேட்டையில் மாத்திரை தயாரிக்கும் ஒரு கம்பெனி, பெயர் வேண்டாம். பி.எஸ்சி. புள்ளியியல் முடித்த கையோடு அப்ரண்டிஸ் பயிற்சிக்கான மத்திய அரசின் நேட்ஸ் போர்ட்டலில் பதிந்து ஒரு வருட அப்ரண்டிஸாகச் சேர்ந்தேன். சேரலாமா அக்கா என்று ஜூனியர் பிள்ளைகள் தினமும் கேட்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் வாய்ஸ் நோட் அனுப்பி மாளவில்லை, அதனால் மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன். ஐந்துக்கு நாலு கொடுப்பேன்.

முதலில் பணம். அப்ரண்டிஸ் சட்டம் 1961-இல் வந்தது, பொறியியல் பட்டதாரிகளை 1973-இல் அதற்குள் கொண்டுவந்தார்கள், என்னைப் போன்ற மற்ற பட்டதாரிகளை 2014 திருத்தத்தில்தான். 2019 விதியில் பட்டதாரிக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 9,000 ரூபாய் என்று வைத்தார்கள், அதில் பாதியை மத்திய அரசு தரும். எனக்கு 12,000 கொடுத்தார்கள். கம்பெனி பஸ்ஸும் மதியச் சாப்பாடும் இருந்ததால், வீட்டிலிருந்தே போய் வந்ததால் சமாளித்தேன். வெளியூரிலிருந்து வந்து ரூம் எடுத்துத் தங்க வேண்டும் என்றால் இது போதாது, வீட்டில் கொஞ்சம் கை கொடுத்தால்தான் முடியும்.

இனி வேலை. முதல் இரண்டு மாதம் கணிப்பு மாடலும் கிடையாது, பைத்தான் என்ற புரோகிராம் மொழியும் கிடையாது. ஒரே ஒரு மாத்திரையின் மூன்று வருட பேட்ச் ரெக்கார்டுகளைக் கொடுத்து எக்செல்லில் ஏற்றச் சொன்னார்கள். ஒரே தடவையில் தயாராகும் மாத்திரைத் தொகுதிதான் பேட்ச். எல்லாம் பேப்பர். ஒவ்வொரு பேட்ச்சுக்கும் ஒரு தடித்த கட்டு, எடை போட்டது, கலந்தது, உலர்த்தியது, அழுத்தியது என்று ஒவ்வொரு பக்கத்திலும் ஆபரேட்டர் கையெழுத்து, சரிபார்த்தவர் கையெழுத்து, நேரம். நான் டைப் அடித்ததை இன்னொருவர் உட்கார்ந்து வரிக்கு வரி ஒப்பிடுவார். முதல் வாரம் பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன், இதற்கா புள்ளியியல் படித்தோம் என்று.

ஒரு நாள் சரிபார்ப்புப் படிவத்தில் 1 என்று எழுத வேண்டிய இடத்தில் 7 எழுதிவிட்டு, பழக்க தோஷத்தில் அதன் மேலேயே திருத்தினேன். கியூ.சி., அதாவது தரச் சோதனைப் பிரிவு அக்கா ஒருவர் பேனாவை வாங்கிக் காட்டினார்: தப்பான எண் படிக்கத் தெரியும்படி அதன் மேல் ஒற்றைக் கோடு, பக்கத்தில் சரியான எண், கையெழுத்து, தேதி, காரணம். மேலே எழுதக் கூடாது, ஒயிட்னர் உள்ளேயே வரக் கூடாது. அல்கோவா என்று இதற்கு ஒரு பெயர் இருக்கிறது, யார் எழுதியது என்று தெரிய வேண்டும், படிக்க முடிய வேண்டும், நடந்த அந்த நேரத்திலேயே எழுதியிருக்க வேண்டும், மூலப் பிரதியாக இருக்க வேண்டும், சரியாக இருக்க வேண்டும். கம்ப்யூட்டரில் வைக்கும் ரெக்கார்டுக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 1997-இல் கொண்டுவந்த பார்ட் 11 விதியிலும் இதே கதைதான், யார் எப்போது எதை மாற்றினாலும் பழைய மதிப்பு மறையாமல் தடம் இருக்க வேண்டும்.

இது எனக்கு மண்டையில் ஏறியது மூன்றாவது மாதம்தான். டேட்டா தயாரானதும் வரைந்து பார்த்தேன். அழுத்துவதற்கு முன் கிராணுலில், அதாவது மருந்துக் குருணையில், எவ்வளவு ஈரம் என்று ஒரு சோதனை உண்டு, அதில் 11 பேட்ச் மட்டும் கூட்டத்தை விட்டு மேலே நின்றது. கல்லூரியில் செய்வதுபோல ஒரே வரியில் அவற்றைத் தூக்கிவிட்டு, மீதியை வைத்து அழகாக ஸ்லைடு போட்டுக் கொண்டுபோனேன். தர உறுதிப் பிரிவான கியூ.ஏ.வின் மேடம் கிராஃபைப் பார்க்கவே இல்லை, கீழே இருந்த எண்ணிக்கையைத்தான் பார்த்தார். "ஏம்மா, இதுல 11 பேட்ச் குறையுதே, எங்க போச்சு?" அவுட்லையர் மேடம், எடுத்துட்டேன் என்றேன். "அந்த மாத்திரைய யாரோ சாப்பிட்டிருக்காங்க. நீ எப்படி எடுப்ப?" குரலை உயர்த்தவே இல்லை. அன்றைக்குப் பிறகு ஒரு வரிசையைக்கூடக் காரணம் எழுதாமல் நான் நீக்கியதில்லை.

அந்தப் பதினொன்றையும் தேடிக்கொண்டு புரொடக்ஷனுக்குள் போனேன். தலைக்கு கேப், மேலே கவுன், குறுக்கே போட்ட பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொரு காலாக ஷூ கவர் மாட்டித் தாண்டி உள்ளே போக வேண்டும். டிரையர் பார்க்கும் அண்ணனிடம் பேட்ச் நம்பர்களைக் காட்டினேன். தேதியை மட்டும் பார்த்தார். "ஐப்பசி கார்த்திகைம்மா. மழை நாள்ல உலர்த்தி வச்சத உடனே அடிச்சா ஒண்ணும் ஆகாது. மெஷின் காலியில்லன்னு ராத்திரி பூரா பின்னுல கிடந்தா ஈரம் இழுத்துக்கும், அப்புறம் பன்ச்சுல மாவு ஒட்டும், மாத்திரை மேல எழுத்து சரியா விழாது." பின் என்பது உலர்ந்த குருணையைக் கொட்டி வைக்கும் தொட்டி, பன்ச் என்பது மாத்திரையை அழுத்தும் அச்சு. உலர்த்தி முடித்த நேரம் ரெக்கார்டில் ஒரு பக்கத்தில் இருந்தது, அழுத்த ஆரம்பித்த நேரம் பல பக்கம் தள்ளி இருந்தது. இரண்டையும் யாரும் கழித்துப் பார்த்ததில்லை. கழித்தேன். காத்திருந்த மணி நேரம் ஏற ஏற, மழை மாதங்களில் ஈரமும் கூடவே ஏறியது. வெறும் புள்ளிப் படம்தான், மெஷின் லேர்னிங் எதுவும் தேவைப்படவில்லை. பின்னில் எவ்வளவு நேரம் வைக்கலாம் என்பதைக் குறைக்க சேஞ்ச் கன்ட்ரோல், அதாவது மாற்றத்துக்கு முறைப்படி ஒப்புதல் கேட்கும் கோப்பு, போட்டார்கள், நான் கிளம்பும்போது அது இன்னும் கையெழுத்துகளில் இருந்தது. மருந்தில் எதையும் நாளைக்கே மாற்றிவிட முடியாது, அதற்குப் பொறுமை வேண்டும்.

குறைந்த அந்த ஒரு மதிப்பெண்ணுக்கு வருகிறேன். பைத்தான் இன்ஸ்டால் பண்ண அனுமதி வாங்க ஆறு வாரம் ஆனது. வந்த பிறகும் என் கோடிங்கைப் படித்துச் சொல்ல அங்கே ஒரு ஆள் இல்லை, எனக்கு வழிகாட்டியாகப் போட்டவர் ஐ.டி. மேலாளர், நல்ல மனிதர், ஆனால் டேஷ்போர்டு தாண்டி அவருக்கும் தெரியாது. ஏ.ஐ. என்று காட்ட ஏதாவது செய் என்று மேலிருந்து நெருக்கினார்கள், ஆள் குறைந்த நாளில் ஃபைல் அடுக்கவும் அனுப்பினார்கள். பழகுநர் என்று எடுத்தால் பழக்க ஒரு ஆளை வைப்பது அவர்கள் கடமை, இதில் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு.

கோடிங்தான் முக்கியம் என்பவர்கள் மருந்தை ஆட்களிடம் சோதித்துப் பார்க்கும் கிளினிக்கல் டிரயல் பக்கம் போங்கள். என் தோழி பெங்களூருவில் அதில் இருக்கிறாள். சாஸ், கொஞ்சம் ஆர் என்று புள்ளியியல் மென்பொருள்கள், எஸ்.டி.டி.எம்., ஆடம் என்று டேட்டாவை அடுக்கும் வரையறைகள். ஒரே அட்டவணையை இரண்டு பேர் ஒருவர் கோடிங்கை ஒருவர் பார்க்காமல் தனித்தனியாக எழுதி, முடிவு கடைசிப் புள்ளி வரை ஒத்துப்போனால்தான் வெளியே போகும். நோயாளிக்குத் தலைசுற்றல் தொடங்கிய மாதம் தெரியும், நாள் தெரியாது என்றால் அந்த இடத்தில் எந்தத் தேதியைப் போடுவது என்பதற்குக்கூட முன்கூட்டியே எழுதி வைத்த விதி உண்டாம். அவள் கோடிங் என்னுடையதைவிடப் பல மடங்கு சுத்தம். ஆனால் அந்த நோயாளியை அவள் பார்த்ததில்லை, நான் மாத்திரை விழுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். எனக்கு இதுதான் பிடித்தது.

இந்தியாவில் மருந்து உற்பத்திக்கான ஷெட்யூல் எம் விதிகளை 2023 கடைசியில் திருத்தியிருக்கிறார்கள், ஒவ்வொரு மருந்தின் தரத்தையும் தொடர்ந்து மறுஆய்வு செய்ய வேண்டும் என்பது அதில் இருக்கிறது. எனவே எண்களைப் படிக்கத் தெரிந்த ஆள் சின்ன கம்பெனிகளுக்கும் வேண்டும். இன்டர்வியூவில் கூச்சப்படாமல் மூன்று விஷயம் கேட்டுவிடுங்கள்: புரொடக்ஷனுக்குள் போக அனுமதி உண்டா, ரெக்கார்டு பேப்பரிலா கம்ப்யூட்டரிலா, என் கோடிங்கை யார் பார்ப்பார்கள். முதல் கேள்விக்கு இல்லை என்றால் நான் சேர மாட்டேன்.