சிபாப் மாஸ்க்கும் மூக்குப் புண்ணும்: திருப்பூரிலிருந்து ஏழு மாத அனுபவம்

தூக்கத்தில் மூச்சு நின்றுபோகிறவர்களுக்கு மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி அனுப்புகிற மெஷின் சிபாப். அது வீட்டுக்கு வந்த ஆறாவது நாள் காலையில் தலையணை உறையில் ரத்தம் இருந்தது. வலது மூக்கிலிருந்து வந்திருந்தது. மூக்குத் தண்டின் மேல், கண்ணாடி உட்காருகிற இடத்தில், தோல் உரிந்து தண்ணீர் பட்டாலே எரிந்தது. "ஏனுங்க, இதைப் போட்டுத்தான் ஆகோணுமுங்களா?" என்று என் மனைவி கேட்டாள். அன்று இரவு மெஷினைப் போடவில்லை. அடுத்த மூன்று இரவும் போடவில்லை.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். வயது 51. மெஷினை நிறுத்தி வைத்திருந்த அந்த நாட்களில் ஒரு மதியம், எண்பது அடுக்குத் துணியில் கத்தி ஓடிக்கொண்டிருக்கும்போதே எனக்குக் கண் சொருகியது. இடது கையில் இரும்பு வலைக் கையுறை இருந்ததால் விரல் தப்பியது. பக்கத்தில் நின்ற பையன் ஓடி வந்து சுவிட்சை அணைத்தான். மூக்குப் புண்ணுக்காக மெஷினை ஓரம் கட்டுகிற நிலையில் யாராவது இருந்தால் அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மெஷினை நிறுத்தாமலே புண்ணை ஆற்ற வழி இருக்கிறது. எனக்கு அது தெரிய ஒரு மாதம் ஆனது.

முதலில் நோய்: ஸ்லீப் ஆப்னியா, தூக்கத்தில் மூச்சுத் தடை. எனக்கு வீட்டிலேயே ஓர் இரவு தூக்கப் பரிசோதனை செய்தார்கள். மணிக்கு 42 தடவை மூச்சு நின்றோ குறைந்தோ போகிறது என்று ரிப்போர்ட் வந்தது. 30க்கு மேல் போனால் தீவிரம் என்று கணக்கு. தொண்டைத் தசை தளர்ந்து வழியை மூடிக்கொள்கிறது. மெஷின் மூக்கு வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பி அந்த வழியைத் திறந்து வைக்கிறது. எனக்கு எழுதிக் கொடுத்த அழுத்தம் 11 (சென்டிமீட்டர் நீர் என்கிற அலகில்). இவ்வளவுதான் தத்துவம். ஆனால் அந்த 11 அழுத்தக் காற்று இரவு முழுக்க மூக்கின் உள்தோலை உரசிக்கொண்டே போகிறது என்பதை மெஷினை விற்றவர்கள் யாரும் எனக்குச் சொல்லவில்லை.

நான் செய்த முதல் தவறு, ஆன்லைனில் வாங்கியது. மெஷினும் மூக்கு மாஸ்க்கும் சேர்த்து 46,000 ரூபாய். காற்றில் ஈரம் சேர்க்கிற ஹியூமிடிஃபயர் தனி விலை. அது இல்லாமலும் ஓடும் என்று போனில் சொன்னார்கள். ஓடத்தான் செய்தது. ஆனால் நான் ஆரம்பித்தது ஆனி கடைசியில். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று மழையை அங்கேயே விட்டுவிட்டு எங்கள் பக்கம் புழுதியோடு வறண்டு அடிக்கிற காலம். உடுமலைப் பக்கம் போனால் காற்றாலைக் காத்தாடிகள் எல்லாம் நிற்காமல் சுற்றும். வெறும் நாளிலேயே உதடு வெடிக்கிற அந்தக் காற்றை மெஷின் இழுத்து ஏழு மணி நேரம் மூக்குக்குள் ஊதினால் என்ன ஆகும்? மூக்கில் பொருக்குத் தட்டியது, பொருக்கு உரிந்து ரத்தம் வந்தது.

மாஸ்க்கின் அளவை யாரும் கேட்கவில்லை. மீடியம் அனுப்பி வைத்தார்கள். ஓரத்தில் காற்று கசிந்து கண்ணில் அடித்தது. நான் பட்டையை இறுக்கினேன். கொஞ்ச நேரம் நின்றது, மறுபடி கசிந்தது. மேலும் இறுக்கினேன். காலையில் கன்னத்தில் பட்டைத் தடம், மூக்கின் மேல் புண்.

வீட்டில் கைவைத்தியமும் நடந்தது. மூக்கு காய்ந்தால் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விடுவது எங்கள் ஆத்தா காலத்துப் பழக்கம். மனைவி அதைச் செய்தாள். நானாக வாசலினையும் தடவிக்கொண்டேன். டாக்டரிடம் சொன்னபோது இரண்டையும் உடனே நிறுத்தச் சொன்னார். எண்ணெய்ப் பசையுள்ள எதையும் தடவிக்கொண்டு அழுத்தக் காற்றை இழுத்தால் அது கொஞ்சம் கொஞ்சமாக நுரையீரலுக்குப் போகலாம், அங்கே அழற்சி உண்டாகலாம். வாசலின் மாஸ்க்கின் சிலிக்கானையும் கெடுத்துவிடும் என்றார். பதிலுக்கு உப்புநீர் ஸ்ப்ரே ஒன்றும், தண்ணீர் அடிப்படையில் செய்த மூக்கு ஜெல் ஒன்றும் எழுதிக் கொடுத்தார். ஸ்ப்ரே படுக்கப் போகுமுன் இரண்டு அழுத்து, எழுந்ததும் இரண்டு அழுத்து. மூக்கடைப்புக்கு நாமாக மெடிக்கலில் வாங்கி விடுகிற சொட்டு மருந்தைச் சில நாளுக்கு மேல் விடக் கூடாது, விட்டால் அடைப்பு முன்னைவிட அதிகமாகும் என்பதையும் அழுத்திச் சொன்னார். மூக்குக்குள் இரண்டு துவாரத்தையும் பிரிக்கிற நடுச்சுவர் எனக்கு லேசாக வளைந்திருக்கிறதாம். அதற்கு இப்போது ஒன்றும் தேவையில்லை என்று விட்டுவிட்டார்.

அப்புறம் அவர் ஒரு கேள்வி கேட்டார்: "காலைல வாய் காஞ்சு போயிருக்குதுங்களா?" ஆமாம், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். மூக்கில் போகிற காற்று வாய் வழியாக வெளியேறுகிறது என்றார். வெளியே விடுகிற மூச்சு மூக்கு வழியாகத் திரும்பினால்தான் அதன் ஈரத்தை மூக்கு பிடித்துக்கொள்ளும். வாய் திறந்திருந்தால் காற்று ஒரே பக்கமாக ஓடி மூக்கு இன்னும் காய்கிறது. காய்ந்து உள்ளே வீங்குகிறது. வீங்கி அடைத்ததும் வாய் இன்னும் திறக்கிறது. இதற்கும் ஹியூமிடிஃபயர்தான் முதல் மருந்து என்றார். சரி என்று, கோயம்புத்தூரில் சிபாப் சாமான் விற்கிற ஒரு கடைக்கு பஸ் ஏறினேன்.

அந்தக் கடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சின்னக் கடை, மாடிப்படி ஏறிப் போக வேண்டும், வண்டி நிறுத்த இடம் இல்லை, ஞாயிற்றுக்கிழமை லீவு. என்னைப் போல ஆறு நாள் வேலைக்குப் போகிறவன் ஒரு நாள் சம்பளத்தை விட்டுத்தான் போக முடியும். அதுதான் அங்கே எனக்கிருந்த ஒரே குறை. உள்ளே ஒரு கட்டில் போட்டிருந்தார்கள். அங்கிருந்த பெண்ணுக்கு என் மகள் வயது இருக்கும். நான் கொண்டுபோன பழைய மாஸ்க்கைப் பார்த்தார், மூக்கைப் பார்த்தார். "அண்ணா, எவ்வளவு இறுக்குனீங்க?" என்று கேட்டு, ஓர் அட்டை அளவியை எடுத்து மூக்கின் அகலத்தை அளந்தார். எனக்கு வேண்டியது லார்ஜ்.

எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது. இருபத்தெட்டு வருடமாக அளவு எடுத்து வெட்டுகிற வேலை. எல் சைஸ் ஆளுக்கு எம் பனியனைக் கொடுத்துவிட்டு, கக்கத்தில் பிடிக்கிறது என்றால் இழுத்து விட்டுக்கொள் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. என் முகத்துக்கு அதைத்தான் செய்துகொண்டிருந்திருக்கிறேன்.

அவர் விளக்கியது எனக்கு உடனே புரிந்தது. மாஸ்க்கின் குஷன் இரண்டு அடுக்கு. முகத்தில் படுகிற அடுக்கு வெங்காயச் சருகு போல மெல்லியது. காற்று வந்ததும் அது பலூன் மாதிரி உப்பி முகத்தோடு தானாக ஒட்டிக்கொள்ள வேண்டும். பட்டையை இறுக்கினால் அந்த மெல்லிய அடுக்கு நசுங்கி மடிந்துபோகும். மடிப்பு வழியாகக் கசியும். கசிகிறதே என்று நாம் மேலும் இறுக்குவோம். மொத்த பாரமும் மூக்கெலும்பின் மேல் உட்காரும்.

என்னைக் கட்டிலில் படுக்க வைத்தார். மெஷினை என் அழுத்தத்துக்கே வைத்து ஓட்டினார். பட்டை முழுவதையும் தளர்த்திவிட்டு, மாஸ்க்கை முகத்திலிருந்து ஒரு விரல்கடை தூக்கிக் காற்று நிறைய விட்டு மெதுவாக மறுபடி வைத்தார். பிறகு கீழ்ப்பட்டையைக் கொஞ்சம், மேல்பட்டையைக் கொஞ்சம். இடது பக்கம் திரும்பச் சொன்னார், வலது பக்கம் திரும்பச் சொன்னார். உட்கார்ந்து கண்ணாடி பார்த்து மாட்டினால் படுத்ததும் கன்னச் சதை சரிந்து அளவு மாறிவிடும், அதனால் எப்போதும் படுத்துக்கொண்டு, காற்று ஓடும்போதுதான் சரி செய்ய வேண்டும் என்றார். பட்டைக்குக் கீழே இரண்டு விரல் தாராளமாக நுழைந்தது. கசிவு இல்லை. நாற்பது நிமிடம் எனக்காகச் செலவழித்தார், அதற்குத் தனியாகக் காசு வாங்கவில்லை.

இன்னொன்றும் கேட்டார்: எனக்கோ, என்னோடு அதே அறையில் படுக்கிறவர்களுக்கோ பேஸ்மேக்கர் வைத்திருக்கிறதா என்று. சில மாஸ்க்குகளில் பட்டையை மாட்டுகிற கொக்கி காந்தம். நெஞ்சிலோ தலையிலோ இப்படிக் கருவி வைத்தவர்கள் பக்கத்தில் அது இருக்கக் கூடாது. விற்கிறவர்கள் எல்லாரும் கேட்க வேண்டிய கேள்வி இது. என்னிடம் முதலில் விற்றவர்கள் கேட்கவில்லை.

நாசித் துவாரத்தில் நேராக நுழைகிற பில்லோ மாஸ்க்கையும் போட்டுக் காட்டினார். மூக்குத் தண்டைத் தொடவே தொடாது என்பது அதன் பெரிய நன்மை. ஆனால் என் புண் உள்ளேயும் இருந்ததால் காற்று நேராக அதன் மேலேயே பட்டு எரிந்தது. தண்டில் மட்டும் புண் உள்ளவர்கள் அதைக் கட்டாயம் ஒரு தடவை போட்டுப் பார்க்க வேண்டும். நான் லார்ஜ் மூக்கு மாஸ்க்கையே எடுத்தேன், 6,200 ரூபாய். ஹியூமிடிஃபயர் 8,500.

டாக்டர் முன்பு பேச்சுவாக்கில் சொன்ன ஒன்று பஸ்ஸில் திரும்பும்போது ஞாபகம் வந்தது. இந்த மெஷினை முதலில் செய்தவர் சிட்னியில் இருந்த காலின் சல்லிவன் என்ற டாக்டர்; 1981இல் அதைப் பற்றி எழுதி வெளியிட்டார். அப்போது கடையில் மாஸ்க் ஏது? ஒவ்வொரு நோயாளியின் மூக்குக்கும் அச்சு எடுத்து மாஸ்க் செய்து, ஒவ்வோர் இரவும் பசை போட்டு ஒட்டினார்களாம். பசை எவ்வளவு தொல்லையாக இருந்திருக்கும். ஆனால் அளவு அந்த ஆளுக்கே எடுத்த அளவு.

ஹியூமிடிஃபயர் போட்ட இரண்டாம் நாளே ரத்தம் நின்றது. பொருக்குப் போக பத்து நாள் ஆனது. ஈரத்தின் அளவை ஒன்றிலிருந்து எட்டு வரை வைக்கலாம். காற்றுக் காலம் முடிகிற வரை ஆறில் வைத்தேன். தண்ணீர் விஷயத்தில் கவனம் வேண்டும். எங்கள் வீட்டு போர் தண்ணீரை ஊற்றினால் ஒரே வாரத்தில் தொட்டியின் அடியில் வெள்ளை உப்பு படியும். டிஸ்டில்டு வாட்டர்தான் ஊற்ற வேண்டும். பேட்டரிக்கு ஊற்ற விற்பதை வாங்கலாமா என்று கேட்டேன், வேண்டாம் என்றார் அந்தப் பெண். தீர்ந்துபோன இரவுகளில் ஆர்.ஓ. தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றி ஊற்றியிருக்கிறேன். தினமும் மிச்சத்தைக் கொட்டிவிட்டுத் தொட்டியைக் கழுவிக் காயவைக்கிறேன். குஷனையும் தினமும் லேசான சோப்பில் கழுவ வேண்டும். முகத்து எண்ணெய் அதில் படிந்தால் வழுக்கிக் கசியும், பிறகு இறுக்கத் தோன்றும்.

மார்கழியில் வேறு தொல்லை வந்தது. அறை குளிர்ந்ததும் டியூபுக்குள்ளேயே ஈரம் தண்ணீராகி, நடு இரவில் களகளவென்று சத்தம், மூக்கில் சில்லென்று ஒரு துளி. மெஷினைக் கட்டில் மட்டத்துக்குக் கீழே இறக்கி வைத்தேன், தண்ணீர் திரும்பி ஓடட்டும் என்று. ஈரத்தை நான்குக்குக் குறைத்தேன். அப்புறம் கம்பெனியில் மீந்த, கம்பளி மாதிரி மெத்தென்ற பிளீஸ் துணியில் டியூபுக்கு நீளமாக ஓர் உறை ஓவர்லாக் மெஷினில் அடித்து மாட்டினேன். அத்தோடு நின்றது.

துணி என்றதும் இதையும் சொல்கிறேன், திருப்பூர்க்காரர்களுக்குப் பயன்படும். குஷனுக்கும் தோலுக்கும் நடுவில் வைக்க மெல்லிய துணி விரிப்பு கடையில் விற்கிறார்கள், விலை அதிகம். நானே வெட்டினேன். முதலில் சிங்கிள் ஜெர்சி, அதாவது சாதா பனியன் துணி. ஓரம் சுருண்டுகொண்டது, சுருண்ட இடத்தில் காற்று போனது. பிறகு சாயம் ஏற்றாத காட்டன் இன்டர்லாக்கில், அதாவது இரட்டைப் பின்னல் துணியில், வெட்டினேன். இன்டர்லாக் ஓரம் சுருளாது. குஷனை அட்டையில் வைத்து வரைந்து, வெளிப்பக்கம் ஒரு சென்டிமீட்டர் விட்டு, உள்ளே காற்றுக்கு வழி வெட்டி ஒரு பேட்டர்ன் செய்துகொண்டேன். ஓரத்தில் தையல் போடவே கூடாது, தையல் தடிப்பு தோலில் அழுந்தும். ஒரு துண்டு ஓர் இரவுக்கு, காலையில் துவைத்துப் போட வேண்டும். விரிப்பு வைத்தால் கசிவு கூடலாம் என்று கடைப் பெண் எச்சரித்திருந்ததால் தினமும் மெஷின் திரையில் கசிவு அளவைப் பார்க்கிறேன். எனக்குக் கூடவில்லை. வியர்வையை உறிஞ்சுகிறது, மூக்குத் தண்டில் சிவப்பு இல்லை.

இப்போது தை பிறந்துவிட்டது. நேற்றைய இரவுக் கணக்கு: ஆறே முக்கால் மணி நேரம், மூச்சுத் தடை மணிக்கு 3. மதியம் கத்தி பிடிக்கும்போது கண் சொருகுவதில்லை. என் மனைவி முன்பெல்லாம் நடு இரவில் எழுந்து என் நெஞ்சில் கை வைத்துப் பார்ப்பாள். இப்போது விடிய விடியத் தூங்குகிறாள்.

இத்தனை மாதத்தில் குஷன் கொஞ்சம் மஞ்சளாகித் தொய்ந்திருக்கிறது. குஷன் மட்டும் தனியாகக் கிடைக்கிறது, வாங்கப் போகும்போது இன்டர்லாக் துண்டுகள் இருபதையும் அந்த அட்டைப் பேட்டர்னையும் கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன். "கொண்டு வாங்கண்ணா, புதுசா வர்றவங்களுக்கு ஒண்ணு ஒண்ணு குடுக்கறேன்" என்றார் அந்தப் பெண். வெட்டி வைத்துவிட்டேன், இனி லீவு சொல்ல வேண்டியதுதான்.