ஓடாத காஸ்ட் அயர்ன் புல்லட்டை வாங்கி ஓட்டின அனுபவம்

என்கிட்ட இருக்கிறது 1984 மாடல் ராயல் என்ஃபீல்டு புல்லட் ஸ்டாண்டர்ட் 350, வார்ப்பிரும்பு (காஸ்ட் அயர்ன்) சிலிண்டர் வச்ச பழைய இன்ஜின், திருவொற்றியூர் ஃபேக்டரி வண்டி, கியர் வலது பக்கம் பிரேக் இடது பக்கம். பொள்ளாச்சி பக்கம் ஒரு தோட்டத்து ஷெட்ல ரொம்ப வருஷமா சும்மா நின்னுட்டிருந்துச்சு. இன்ஜின் ஓடாததாலதான் தைரியமா வாங்கினேன். அதே சமயம் கோயம்புத்தூர்ல புது பெயிண்ட், புது குரோம்னு பளபளன்னு ஒண்ணு பார்த்தேன், விலை கிட்டத்தட்ட டபுள், நான் போறதுக்குள்ள ஸ்டார்ட் பண்ணி சூடாக்கி வச்சிருந்தாங்க, சிலிண்டர் பக்கம் கை கொண்டு போனதும் தெரிஞ்சிடுச்சு, சூடான இன்ஜின்ல ஸ்டார்ட்டிங் கோளாறு தெரியாது, அதனால காலையில ஆறின இன்ஜினா காட்டுங்கன்னு கேட்டேன், பேச்சே மாறிடுச்சு. ஓடாத வண்டின்னா இன்ஜின் வேலை இருக்குன்னு ரெண்டு பேருக்கும் தெரியும், விலையும் அதுக்கு ஏத்த மாதிரி இறங்கும்.

ஷெட்ல நான் பார்த்தது ரெண்டே விஷயம். சிலிண்டர் அழுத்தத்தை வெளிய விடுற லீவரான டிகம்ப்ரஸரை புடிச்சுக்கிட்டு கிக்கரை மெதுவா அமுக்கினா பிஸ்டன் ஏறி இறங்குதா, ஜாம் ஆகலையான்னு. அப்புறம் சேசிஸ் நம்பர், இன்ஜின் நம்பர் ரெண்டையும் துடைச்சு பென்சில் பிரிண்ட் எடுத்து ஆர்சி புக்கோட ஒத்துப் பார்த்தேன். பழைய மூணெழுத்து நம்பர் வண்டிங்க நிறைய ஆன்லைன்ல ஏறியிருக்காது, ஆர்டிஓ ஆபீஸ்ல பேக்லாக் என்ட்ரி போட்டு (பழைய பதிவை ஆன்லைன்ல ஏத்துறது), எஃப்சி (வண்டி தகுதிச் சோதனை) காட்டி ஆர்சி ரினிவல் முடிச்சு, பேர் மாத்தணும். இன்ஜின் வேலையை விட இதுக்குத்தான் அலைச்சல் ஜாஸ்தி. ஒரிஜினல் ஆர்சி இல்லன்னா எவ்வளவு சீப்பா குடுத்தாலும் வேண்டாம்ங்க.

இன்ஜினைப் பிரிச்சா கனெக்டிங் ராடோட கீழ் முனையில இருக்கிற பிக் எண்ட் புஷ் தேஞ்சிருந்துச்சு, ஆனா சிலிண்டரைக் கடைஞ்சு பெருசாக்குற போர் வேலை ஒரே ஒரு தடவைதான் பண்ணியிருந்தாங்க, அடுத்த ஓவர்சைஸ் பிஸ்டனுக்கு சிலிண்டர்ல இடம் இருந்துச்சு, அதைப் பார்த்ததும் எனக்கு வந்த சந்தோஷம் இருக்கே! சின்னச் சின்ன சாமான் சிலது சென்னை புதுப்பேட்டையில கிடைச்சுது.

ஓட்ட ஆரம்பிச்சதும் ஒரு விஷயம் குழப்புச்சு. வண்டி ஒரு வாரம் நின்னா ஆயில் அளவு பார்க்குற டிப்ஸ்டிக்ல ஆயில் கம்மியா காட்டும். ஊத்தலாமான்னு மெக்கானிக்கைக் கேட்டேன், "தம்பி, ஆயில் எங்கயும் போகலீங்க, கீழ எறங்கியிருக்குது, ஓட்டிட்டு வந்து பாருங்க"ன்னார். ஆயில் டேங்க்ல இருக்கிற ஆயில், பம்ப் வழியா மெல்ல கிராங்க் சுத்துற கிராங்க்கேஸுக்குள்ள இறங்கிடுது, அந்த நேரத்துல மேல ஊத்தினா ஸ்டார்ட் ஆனதும் பிரீதர்ங்கிற காத்துக்குழாய் வழியா வெளிய கக்கும். நிறைய பேர் இதைத்தான் ஆயில் லீக்னு நினைச்சு பேக்கிங் மாத்திட்டே இருக்காங்க.

ஸ்டார்ட் பண்றதுக்கு, பேட்டரி கரண்ட்டை முள்ளால காட்டுற அம்மீட்டர் போதும். சாவி போட்டு கிக்கரை மெல்ல அமுக்கிட்டே வந்தா முள்ளு நடுவுக்கு வர்ற இடம் ஒண்ணு இருக்கு, ஸ்பார்க் வர வைக்கிற காண்டாக்ட் பாயிண்ட்ஸ் திறக்குற இடம் அது. அங்க டிகம்ப்ரஸரைப் புடிச்சு கொஞ்சம் தாண்டவிட்டு, விட்டுட்டு, முழு கிக் அடிச்சா டப்னு வந்துடும், எங்க வீட்டு அம்மணியே ஸ்டார்ட் பண்ணுவாங்க.

அறுபதுல போனா நாள் பூரா போகலாம், அதுக்கு மேல அதிர்வு கைக்கு ஏறும். முன் பிரேக்கை நம்பி பஸ்ஸு பின்னாடி ஒட்டிட்டுப் போகாதீங்க, டிரம் நல்லா செட் பண்ணியும் அவ்வளவுதான் புடிக்குது. மழைக்கு முன்னாடி ஹெட்லைட் வயரிங் பூராவும் மாத்தணும், அடுத்த வேலை அதுதான்.