மாலிப்டினம் பூசிய கண்ணாடி வாங்குகிறீர்களா? பில்லில் கையெழுத்துப் போடும் முன் இதைப் படியுங்கள்

கெஸ்டரைட் (தாமிரம், துத்தநாகம், வெள்ளீயம், கந்தகம் சேர்ந்த சேர்மம்) சோலார் செல் செய்யும் எல்லா ஆய்வகத்திலும், ஆர்கான் வாயுவை வைத்து உலோகத்தை மெல்லிய படலமாகப் பூசும் ஸ்பட்டரிங் மெஷின் இருப்பதில்லை. எங்களிடமும் கிடையாது. செல்லுக்கு அடியில் மின்சாரத்தைக் கடத்தும் மாலிப்டினம் உலோகம் பூசிய சோடா லைம் கண்ணாடியை (சாதாரண ஜன்னல் கண்ணாடி வகை) வெளியேதான் வாங்குகிறோம். மூன்று கொட்டேஷன், குறைந்த விலைக்கு ஆர்டர் என்ற வழக்கமான வழியில் வந்த ஒரு சப்ளையரால் ஒரு லாட் முழுக்கக் குப்பைக்குப் போனது.

"இரண்டடுக்கு, ஒரு மைக்ரான்" என்று கொட்டேஷனில் தெளிவாக எழுதியிருந்தார்கள். இரண்டடுக்கு சும்மா கேட்பதில்லை. ஆர்கான் அழுத்தத்தை ஏற்றிப் பூசினால் படலம் கண்ணாடியை நன்றாகப் பிடிக்கும், ஆனால் மின்தடை அதிகம். அழுத்தத்தைக் குறைத்தால் மின்தடை இறங்கும், ஆனால் உள்ளே இறுக்கம் சேர்ந்து படலம் உரியப் பார்க்கும். அதனால்தான் அடியில் பிடிக்கிற அடுக்கு, மேலே கடத்துகிற அடுக்கு. இவர்கள் அடி அடுக்கையே விட்டுவிட்டார்கள் என்பதுதான் எங்கள் கணிப்பு. மெஷின் நேரம் மிச்சம் பாருங்கள்.

படலத்தின் மின்தடையை அளக்கும் ஃபோர் புரோபில் வைத்தால் சதுரத்துக்கு 0.2 ஓம், குறைவுதான். டெஸ்ட் சர்டிஃபிகேட்டிலும் அதே எண். யாருக்குச் சந்தேகம் வரும்? தாமிரம், துத்தநாகம், வெள்ளீயம் பூசி, கந்தக ஆவியில் 550 டிகிரிக்குக் கொண்டுபோனபோதும் ஓரத்தில் சின்னக் கொப்புளங்கள்தான். அப்புறம் காட்மியம் சல்ஃபைடு குளியல், அதாவது கரைசலில் முக்கி அடுத்த அடுக்கைப் படியவைப்பது. அம்மோனியாவும் தயோயூரியாவும் சேர்ந்த கரைசல் சூடேறி மஞ்சளாகும் நேரத்தில், ஈரச் சுவரின் சுண்ணாம்பு மாதிரி படலம் மொத்தமாக உரிந்து கறுப்புச் செதில்களாக மிதந்தது.

சப்ளையருக்குப் போன் செய்தால், "சார், உங்க ஃபர்னஸ்லதான் பிரச்சினை, ஹீட் ஓவரா போயிருக்கும்" என்றார். சரி, பிரிக்காத பாக்கெட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்தோம். பிளேடால் குறுக்கும் நெடுக்கும் கீறி, செல்லோடேப்பை அழுத்தி ஒட்டி இழுத்தோம். ஃபர்னஸையே பார்க்காத துண்டு, பாதி மாலிப்டினம் டேப்போடு வந்துவிட்டது. இன்னொரு துண்டைத் திருப்பிக் கண்ணாடிப் பக்கமாகப் பார்த்தால், உலோகத்துக்கு அடியில் அச்சுப் பதித்ததுபோல ஒரு விரல்ரேகை! கழுவிய கண்ணாடியைக் கையுறை இல்லாமல் தொட்டு உள்ளே வைத்திருக்கிறார்கள், கழுவினார்களோ என்னவோ. போட்டோ அனுப்பியதற்கு, "அது உங்க லேப்ல பட்டிருக்கும்" என்று பதில். பூசிய படலத்துக்கு அடியில் நாங்கள் எப்படி ரேகை வைப்பது?

சர்டிஃபிகேட்டில் இருந்த குறுக்குவெட்டு எஸ்.இ.எம். (எலக்ட்ரான் நுண்ணோக்கி) படம் வேறு கதை. இவர்களிடமே வாங்கிய இன்னொரு ஆய்வகத்து நண்பர் தன்னுடையதை அனுப்பினார். அதே படம், அதே கீறல், தேதி மட்டும் வேறு.

மாற்றுச் சரக்கு வேண்டுமானால் பாதி விலை தரச் சொல்கிறார். பில் பாஸாகிப் பணம் போய்விட்டதால் எங்களிடம் பிடிமானம் இல்லை. நீங்கள் ஆர்டரிலேயே டேப் சோதனையை நிபந்தனையாக எழுதிவிடுங்கள். சரக்கு வந்ததும் ஒரு துண்டைக் கீறி இழுத்துப் பாருங்கள், இன்னொன்றை வெறுமனே ஆர்கானில் 550 டிகிரிக்குச் சூடாக்கிப் பாருங்கள். ஸ்டாக் ரெஜிஸ்டரில் கையெழுத்து அதற்கப்புறம்தான்.