தி வில்லோஸ் – பேய் கிடையாது, ரத்தம் கிடையாது, ஆனா படிச்சிட்டு லைட்ட அணைக்க முடியல

அமெரிக்கத் திகில் எழுத்தாளர் லவ்கிராஃப்டோட ‘தி கால் ஆஃப் க்துல்ஹு’ கதையைப் படிச்ச சூட்டுல, இவருக்கு முன்னாடி யாரு இப்படி எழுதினாங்கன்னு தேடினப்ப கிடைச்சது இது. எழுதினது ஆல்ஜெர்னான் பிளாக்வுட்ங்கிற இங்கிலாந்துக்காரர், வந்தது 1907ல. லவ்கிராஃப்டோட அந்தக் கதை 1928ல வந்துச்சு, அதுக்கும் 20 வருஷத்துக்கு மேல பழசு இது, லவ்கிராஃப்டே தலைமேல வச்சுக் கொண்டாடின குறுநாவல்.

ரெண்டு பேரு ஐரோப்பாவுல ஓடுற டான்யூப் ஆத்துல சின்னப் படகுல போறாங்க, வெள்ளம் ஏறுது, ஆத்து நடுவுல தீவு மாதிரி இருக்கிற ஒரு மணல் திட்டுல டென்ட் போடுறாங்க, சுத்தி வில்லோங்கிற ஆத்தோரச் செடியோட புதர். அவ்ளோதான் கதை. ஆரம்பம் முழுக்க ஆத்து வர்ணனைதான், பொறுமை வேணும், நான் மூடி வச்சிடலாமான்னுகூட யோசிச்சேன். ஆனா அந்த ஆத்தை கூட வர்ற ஆளு மாதிரி நமக்குப் பழக்கிட்டுத்தான் பயமுறுத்தவே ஆரம்பிக்கிறாரு.

காலைல எழுந்து பாத்தா ஒரு துடுப்பைக் காணோம், படகு அடியில கிழிஞ்சிருக்கு, மிச்சம் இருக்கிற துடுப்பை யாரோ பொறுமையா உக்காந்து சுரண்டி மெல்லிசாக்கி வச்சிருக்காங்க, ஒரு தடவை அழுத்தி வலிச்சா உடைஞ்சிடும். தீவுல இவங்க ரெண்டு பேரைத் தவிர ஆளே இல்ல. இந்த இடத்துல எனக்கு முதுகு சில்லுன்னு ஆயிடுச்சு. அப்புறம் பையில ரொட்டி இல்லன்னு பதறுறாங்க, வாங்கவே மறந்துட்டோம்னு ஞாபகம் வந்ததும் விழுந்து விழுந்து சிரிக்கிறாங்க, ஆனா அந்தச் சிரிப்பே சரியில்ல, அதுலதான் அவங்க எவ்ளோ பயந்து போயிருக்காங்கன்னு தெரியுது. சத்தியமா, எந்த ராட்சசனைக் காட்டியிருந்தாலும் இவ்ளோ பயம் வந்திருக்காது.

அந்தத் தீவுல இருக்கிற கண்ணுக்குப் புரியாத ஏதோ ஒண்ணுக்கு இவங்க மேல எந்தக் கோபமும் இல்ல, இவங்கதான் தெரியாம அதோட இடத்துக்குள்ள போயிட்டாங்க. அதைப் பத்தி நினைக்கவே கூடாது, நினைச்சா அது நம்மளக் கண்டுபிடிச்சிடும்னு ஒரு கட்டத்துல முடிவு பண்றாங்க. நினைக்காதன்னு சொன்னா மனசு வேற எதை நினைக்கும்? படிக்கிற நம்மளும் அதையேதான் நினைச்சுட்டு இருப்போம்.

குறைன்னா, கூட வர்ற ஸ்வீடன்காரருக்குக் கற்பனையே கிடையாதுன்னு திரும்பத் திரும்ப சொல்றது சலிப்பு, நடுவுல ரெண்டு பேரும் பேசிப் பேசி விளக்குறதைக் கொஞ்சம் குறைச்சிருக்கலாம்.

இதுக்கு அடுத்த வருஷமே (1908) வந்த, ஹாட்ஜ்சன்ங்கிற இன்னொரு இங்கிலாந்து எழுத்தாளரோட ‘தி ஹவுஸ் ஆன் தி பார்டர்லேண்ட்’ நாவலும் படிச்சேன், அதுல பன்னி முகத்தோட வர்ற ஜந்துங்களைவிட, காலம் வேகமா ஓடி பக்கத்துல படுத்திருந்த நாய் தூசியாப் போற இடம்தான் நெஞ்சை அடைச்சுது. ஆனா ஒண்ணுதான் படிப்பீங்கன்னா வில்லோஸ்தான். பழைய புத்தகங்களை இலவசமாத் தர்ற ப்ராஜெக்ட் குட்டன்பர்க் இணையதளத்துல இருக்கு. விட்டு விட்டுப் படிக்காதீங்க, ராத்திரி ஒரே மூச்சுல உக்காந்து படிங்க, அந்த மணல்ல விழுற புனல் மாதிரி குழிங்களை மட்டும் கவனமா பாத்துட்டே வாங்க, கடைசிப் பக்கத்துல அது எதுக்குன்னு புரியும்.